வானவர் கீதம் திரும்பும் இரவு

நவம்பர் பிறந்ததுமே மலாக்காவின் பேரங்காடிகளுக்குக் கிறிஸ்மஸ் வந்துவிடுகிறது. நுழைவாயிலில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு மரம், அதனடியில் பளபளப்பான தாள் சுற்றிய வெற்றுப் பெட்டிகள், காலை கதவு திறந்ததிலிருந்து இரவு சாத்தும்வரை ஓயாத பாட்டு. மாதக் கடைசியை ஒட்டி, திருவருகைக் காலம் தொடங்கிய ஞாயிறன்று, அந்தச் சத்தத்திலிருந்து ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்குள் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாமே குறைந்திருக்கும். பீடத்தில் பூ குறைந்திருக்கும். குருவானவர் ஊதா உடையில் வருவார். முந்தின ஞாயிறு வரை ஊரே எழுந்து நின்று பாடிய வானவர் கீதம் அன்று இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. பெருவிழா நெருங்க நெருங்க, வழிபாடு தன் கையில் இருக்கும் அழகுகளில் சிலவற்றை எடுத்து மறைத்து வைத்துக்கொள்கிறது.

விடுமுறை நாளில் வழிபாட்டுக்கு என்ன இடம் என்று கேட்பவர்கள், காலையில் ஒரு மணி நேரம் கோயில், பிறகு நாள் முழுக்க விருந்து என்று கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. விருந்துக்கு ருசி வருவதே அந்த ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் நுணுக்கங்களால்தான். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அனுபவிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

இவற்றை நான் பார்ப்பது மெர்லிமாவ் பக்கத்திலிருந்து. அது மலாக்கா நகரிலிருந்து மூவார் போகும் பழைய சாலையில், ஜாசின் மாவட்டத்தில் இருக்கும் சிற்றூர். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. தமிழர்கள் தோட்டங்களின் வழியாக வந்து வேரூன்றிய பகுதி. இந்த நாட்டுத் தமிழர்களில் கிறிஸ்துவர்கள் சிறுபான்மை. தோட்ட லயங்களில் அவர்கள் வீடுகள் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றும் வீடுகளோடு சுவர் பகிர்ந்து நின்றவை. தீபாவளித் தட்டு ஒரு பக்கம் போகும், கிறிஸ்மஸ் தட்டு மறுபக்கம் வரும். வாசலில் தொங்கும் காகித நட்சத்திரம்தான் எது யார் வீடு என்று சொல்லும். பெருவிழாவுக்கு மலாக்கா நகரத்துப் பெரிய கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். லாரியிலும் பேருந்திலும் போன காலத்தில் அந்தத் தொலைவே ஒரு சிறு யாத்திரை.

அந்தப் பெரிய கோயில்களில் தமிழனுக்கு உரிமை கொண்டாட ஒரு பழங்கதை உண்டு. ஆற்றோரத்தில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம், 1849-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் எழுப்பத் தொடங்கியது. ஆனால் சவேரியார் மலாக்காவில் கால் வைத்தது அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பு, 1545-இல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் எங்கே இருந்தார்? தமிழ்நாட்டு முத்துக்குளித்துறையில், பரதவர் ஊர்களில். போர்த்துகீசும் தமிழும் அறிந்த சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணி ஆட்டிப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தவர். ஆக, மலாக்காவுக்கு வந்து இறங்கிய அந்த ஸ்பானியத் துறவியின் நாவில் தமிழ்ச் செபங்கள் ஏற்கெனவே இருந்தன. தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கப்பலேற்றும் காலம் பிறக்க இன்னும் முந்நூறு ஆண்டுகள் இருந்தன. டிசம்பர் 3 அவருடைய திருநாள். அது திருவருகைக் காலத்தின் தொடக்கத்தில் வந்து விழுவது ஒரு நல்ல பொருத்தம். ஊதாவுக்கு நடுவே ஒரு நாள் வெள்ளை.

திருவருகையின் ஊதாவுக்குள் இன்னொரு சலுகையும் இருக்கிறது. மலர்வளையத்தில் நான்கு மெழுகுத்திரிகள். முதல் இரண்டும் நான்காவதும் ஊதா. மூன்றாவது மட்டும் ரோஜா நிறம். மூன்றாம் ஞாயிறன்று குருவானவரின் உடையும் அந்த நிறத்துக்கு மாறும். முழு மகிழ்ச்சிக்கு இன்னும் நேரம் வரவில்லை, ஆனாலும் பாதிக்கு மேல் கடந்துவிட்டோம் என்று சொல்வதற்கு அந்த ஒரு வெளிறல் போதும். மின்விளக்குச் சரங்களால் இவ்வளவு நுட்பமாக ஒன்றைச் சொல்ல முடியாது.

பிறகு டிசம்பர் 17. அன்றைய நற்செய்தி, மத்தேயு எழுதிய வம்ச வரலாறு. இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று ஆபிரகாமிலிருந்து பதினான்கு பதினான்காக மூன்று தொகுதிகள். பலருக்கு இது தூக்கம் வரவழைக்கும் வாசகம். எனக்கு ஆண்டு முழுதும் காத்திருந்து கேட்கத் தோன்றும் வாசகம் இதுதான். ஆண்களின் பெயர்கள் தாளக்கட்டோடு வந்துகொண்டே இருக்கும்போது, திடீர் திடீரென்று பெண்களின் பெயர்கள் குறுக்கிடும். தாமார், இராகாபு, ரூத்து, பெயர் சொல்லப்படாமல் உரியாவின் மனைவி. ஒவ்வொருத்தியின் பின்னாலும் ஒரு சங்கடமான கதை. இதில் ரூத்து யார்? நாடு விட்டு வந்த அயல்நாட்டுக்காரி, விதவை, மாமியாருக்குச் சோறு போட வேண்டி அடுத்தவர் வயலில் அறுவடைக்குப் பின்னால் சிந்திய கதிர் பொறுக்கியவள். அந்த வயல் இருந்த ஊர் பெத்லகேம். ரப்பர் பால் வாளி சுமந்த பாட்டியின் பேரப்பிள்ளைகள் நிறைந்த ஒரு கோயிலில் இந்தப் பெயர் வாசிக்கப்படும்போது, குருவானவர் அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால் நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

குடில் கட்டுவதும் இந்த நாட்களில்தான். 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில், அசிசியின் பிரான்சிஸ் நிசமான மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டுவந்து நிறுத்திப் பெத்லகேமைக் கண்ணுக்குக் காட்டினார். அந்த மரபு எத்தனை நாடுகள் கடந்து எத்தனை உருவம் எடுத்திருக்கிறது! வெப்பநாட்டில் பிறந்த குழந்தைக்குப் பஞ்சால் பனி தூவுவது எனக்கு ஒப்பாது. இந்த ஊரில் குடிலுக்குக் கூரை வேயக் கைக்கெட்டும் தூரத்தில் ஓலை இருக்கிறது. அந்த ஓலைக் கூரைக்கு வேறு அலங்காரமே வேண்டாம். மரியா, சூசை, மாடு, கழுதை, ஆட்டிடையர், வானதூதர் எல்லாரும் அவரவர் இடத்தில் நிற்பார்கள். எல்லாருடைய பார்வையும் ஒரே இடத்தை நோக்கிக் குவிந்திருக்கும். அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. வெறும் வைக்கோல்தான். கடைகளில் விற்கும் குடில் பெட்டியில் பாலன் தொழுவத்தோடு ஒட்டியே வருகிறான். கோயில் குடிலில் அவன் கடைசியாகத்தான் வருவான். குழந்தைகள் தினமும் எட்டிப் பார்த்து, இன்னும் வரலையா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை அவர்கள் வாயிலிருந்து வரவழைத்ததே அந்த வெற்றிடத்தின் வேலை.

24-ஆம் தேதி இரவு. மழைக்காலம், வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரம் சாலையெல்லாம் பளபளக்கும். பட்டுப் புடவையின் கீழ்க்கரையைத் தூக்கிப் பிடித்தபடி பெண்கள் குட்டைகளைத் தாண்டி வருவார்கள். இன்று நகரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நள்ளிரவு பெரிய விஷயம் இல்லை. பால்வெட்டுக்குப் போன தலைமுறைக்கு அப்படி இல்லை. அவர்கள் பொழுது விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்கள். இரவு எட்டு மணிக்கே கண் சொக்கிவிடும். அந்த உடம்பை நள்ளிரவு வரை விழிக்கவைத்து, பிள்ளைகளை எழுப்பி, தலைவாரி, கோயிலுக்குக் கூட்டிவந்தது அவர்கள் கொண்டுவந்த முதல் காணிக்கை. மறுநாள் விடுமுறை என்பதன் உண்மையான பயனும் அதுதான்: விழித்த உடம்பு அன்று பால்மரத்துக்குப் போக வேண்டியதில்லை.

திருப்பலி தொடங்கி, மன்னிப்பு வழிபாடு முடிந்ததும் ஒரு சிறு இடைவெளி. அதன்பின் வானவர் கீதம். நான்கு வாரம் அடக்கி வைத்தது அத்தனையும் அந்த ஒரு வினாடியில் அவிழும். பீடச்சிறுவர் கைமணிகளை ஆட்டுவார்கள், கோபுர மணி அடிக்கும், அணைந்திருந்த விளக்குகள் எரியும், கீபோர்டோடு தபலாவும் சேரும். பாடற்குழுவில் யாராவது ஒருவர் ஆர்வத்தில் சுருதி தாண்டிவிடுவார். அதுவும் அந்த இடத்தில் அழகாகத்தான் இருக்கும். இதே கீதத்தை ஆண்டின் பெரும்பாலான ஞாயிறுகளில் பாடியிருக்கிறார்கள், ஆனால் இந்த இரவில் மட்டும் அது தன் பிறந்த வீட்டுக்கு வருகிறது. லூக்கா சொல்லும் கதையில் வானதூதர்கள் பாடியது இந்த இரவில்தான். அதற்கு இடம் விட்டு வைப்பதற்காகவே நான்கு ஞாயிறுகள் மௌனம் காத்தன.

இரண்டாவது நுணுக்கம் அதைவிடச் சிறியது, பலர் கவனிப்பதில்லை. நம்பிக்கை அறிக்கை சொல்லும்போது, இறைமகன் மனிதரானார் என்ற பகுதி வரும் இடத்தில் மற்ற ஞாயிறுகளில் எல்லாரும் தலை வணங்குவார்கள். கிறிஸ்மஸ் அன்று மட்டும் அந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும். ஆண்டில் இன்னொரு நாள்தான் இப்படி, மார்ச் 25, மரியாளுக்குத் தூதர் செய்தி சொன்ன திருநாள். இரண்டுக்கும் நடுவே சரியாக ஒன்பது மாதம். நெரிசலில், புதுச்சட்டையில், பாதித் தூக்கத்தில் தோளில் சாய்ந்த குழந்தையோடு, பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவே இடமில்லாமல் இத்தனை பேர் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். பட்டுச் சலசலப்பும் முழங்கால் பலகைகள் விழும் ஓசையும் சேர்ந்து ஒரு கணம். இரண்டு வரி முடிந்ததும் மீண்டும் எழுந்துகொள்கிறார்கள். கடவுள் கீழே இறங்கி வந்தார் என்ற செய்தியைச் சொல்லும்போது சொல்பவரும் இறங்க வேண்டும் என்று யோசித்து வைத்தவர் யாரோ, அவருக்கு நாடகக்காரனின் கண் இருந்திருக்கிறது.

கிறிஸ்மஸுக்கு மூன்று திருப்பலிகள் உண்டு என்பதும் விவரம் தெரிந்தவர்கள் ரசிக்கும் ஒன்று. இரவில் ஒன்று, விடியலில் ஒன்று, பகலில் ஒன்று. மூன்றுக்கும் வாசகம் வேறு. இரவுத் திருப்பலியில் தூதர்கள் இடையர்களிடம் வருகிறார்கள். விடியல் திருப்பலியில் இடையர்கள் கிளம்பிப்போய்ப் பாலனைப் பார்க்கிறார்கள். பகல் திருப்பலியில் யோவானின் தொடக்கம். குழந்தையோ தொழுவமோ கிடையாது, ஆதியில் இருந்த வாக்கைப் பற்றிய ஆழ்ந்த சிந்தனை. இரவுக்குக் கதை, விடியலுக்கு நடை, பகலுக்குத் தத்துவம். மூன்றில் மனத்துக்கு மிக நெருக்கமானது விடியல் திருப்பலி. இரவு வேலையில் விழித்திருந்தவர்களுக்குத்தான் செய்தி முதலில் போனது. தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் மரமாக நடந்தவர்களின் வழிவந்தோருக்கு, அந்த இடையர்கள் அயலார் இல்லை. இப்போது பல இடங்களில் இரவுத் திருப்பலியே எட்டு மணிக்கு வந்துவிட்டது, விடியல் திருப்பலி அரிதாகிவிட்டது. வசதி புரிகிறது. ஆனாலும் அந்த விடியல் நடையை இழந்தது எனக்கு வருத்தம்தான்.

தமிழில் இவை எல்லாம் கேட்கக் கிடைப்பது நெடுநாள் வழக்கம் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) வரை பூசை லத்தீனில்தான். மக்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டும் பாட்டுப் பாடிக்கொண்டும் அதோடு சேர்ந்து வந்தார்கள். 1969-இல் இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்டபடி ரோமாபுரி பன்னிரண்டு அம்சங்களுக்கு இசைவளித்தது: கைகூப்பி வணங்குதல், எண்ணெய் விளக்கு, ஆரத்தி போன்றவை. பெங்களூரில் இருந்து இதற்கு உழைத்தவர் அமலோர்பவதாஸ் என்ற தமிழ்க் குரு. அந்த அலை கடல் கடந்து இங்கேயும் வந்தது. இன்று தமிழ்த் திருப்பலியில் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்குவதும், மூன்று பெண்கள் பூ, தூபம், தீபம் ஏந்தி ஆரத்தி எடுப்பதும் இங்குள்ள தமிழர்களுக்குப் பழகிய காட்சி. ஆரத்தியின் அசைவில் நான் கவனிப்பது கைகளை. வீட்டில் புதுமணத் தம்பதிக்கும், பெற்று வந்த மகளுக்கும் சுற்றிய அதே கை, அதே வட்டம், அதே வேகம். அந்தக் கைக்குப் பழக்கம் சொல்லித் தர வேண்டியதில்லை.

புராட்டஸ்டண்ட் சபைகளின் நயம் வேறு தினுசு. அங்கே பாட்டுதான் பீடம். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி வடிவத்தையே எடுத்து பெத்லகேமுக்குக் கொடுத்தவர். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதிய கீர்த்தனைகள் கப்பலேறி வந்து, மெதடிஸ்ட் சபையிலும் லூத்தரன் சபையிலும் இன்றும் பாடப்படுகின்றன. ஆங்கிலக் கேரல் மெட்டில் தமிழ்ச் சொல் மூச்சுத் திணறுவதையும், அடுத்த பாட்டே ராகத்தில் விழுந்ததும் சபை முழுதும் தோள் தளர்ந்து பாடுவதையும் கேட்டால் வித்தியாசம் உடம்புக்கே தெரியும். டிசம்பர் இரவுகளில் கேரலிங் வருபவர்கள் வீட்டு வாசலில் நின்று பாடி, ஒரு சிறு செபம் சொல்லி, முறுக்கும் கோப்பியும் முடித்து அடுத்த வீட்டுக்குப் போகும்போது, வழிபாடு கோயிலைவிட்டு லயத்துக்கே நடந்து வந்திருக்கிறது என்று தோன்றும். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமும் வாசலுக்கு வந்து நின்று கேட்கும். நாங்களும் ஒரு பாட்டுக் கேட்கலாமா என்று அவர்கள் கேட்டால் எந்தக் கேரல் குழுவும் மறுக்காது.

இந்தச் சபைகளின் தனிச்சொத்து என்று நான் சொல்வது டிசம்பர் 31 இரவு வாட்ச் நைட் ஆராதனை. உலகம் வாணவேடிக்கைக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் முழந்தாளில் இருக்கும். இதன் வேர் எங்கே என்று பார்த்தால் வியப்பு. இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு அருகே கிங்ஸ்வுட் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், ஒரு காலத்தில் சாராயக்கடையில் கழித்த இரவுகளைச் செபத்தில் கழிக்கத் தொடங்கினார்கள். 1740-களில் ஜான் வெஸ்லி அதைக் கண்டு மெதடிஸ்ட் வழக்கமாக ஆக்கினார். உடலுழைப்பாளிகள் தாங்களே கண்டுபிடித்த வழிபாடு, இன்னொரு உழைப்பாளிச் சமூகத்திடம் வந்து சேர்ந்திருக்கிறது. தோட்டத்தின் சனிக்கிழமைக் கள்ளுக்கடையை அறிந்தவர்களுக்கு இந்தப் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. தமிழ்ச் சபை அதோடு தன்னுடைய ஒன்றையும் சேர்த்துக்கொண்டது: வாக்குத்தத்த அட்டை. நள்ளிரவுக்குப் பின் வரிசையில் போய் ஆளுக்கு ஒரு அட்டை எடுத்துக்கொள்வார்கள். அதில் அந்த ஆண்டுக்கான ஒரு வேதவசனம். எடுத்ததும் யாரும் உடனே படித்துவிட மாட்டார்கள். கொஞ்சம் தள்ளிப்போய், விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, தனியாகப் படிப்பார்கள். பிறகுதான் ஒருவர் அட்டையை ஒருவர் பார்ப்பார்கள். அது பணப்பையிலோ வேதப்புத்தகத்திலோ டிசம்பர் வரை இருக்கும், ஓரம் நைந்துபோகும்.

கிறிஸ்மஸுக்கு நாடு முழுதும் பொது விடுமுறை. பெரிய வெள்ளிக்கு அப்படி இல்லை. சபாவிலும் சரவாக்கிலும் மட்டும் அன்று விடுமுறை; மலாக்காவில் அது வேலை நாள். ஆனால் பெரிய வெள்ளி மாலையில் மலாக்காவின் புனித பேதுரு ஆலயத்துக்குப் போனவர்களுக்கு, ஒரு நாளைத் திருநாள் ஆக்குவது அரசிதழ் இல்லை என்பது தெரிந்துவிடும். விடுப்பு எடுத்தவர்கள், அரைநாள் கேட்டு வந்தவர்கள், தொழிற்சாலைச் சீருடையோடு நேரே வந்தவர்கள் என்று கூட்டம் வளாகம் தாண்டிச் சாலைக்கு வழியும்.

1710-இல் எழுந்த அந்தக் கோயில், நாட்டில் இன்னும் வழிபாடு நடக்கும் கத்தோலிக்கக் கோயில்களில் மிகப் பழையது. அதன் மணிகளில் ஒன்று 1608-இல் கோவாவில் வார்க்கப்பட்டது; கோயிலைவிட மணிக்கு ஒரு நூற்றாண்டு வயது அதிகம். 1641-இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். கோயில்கள் பறிபோயின, மக்கள் மறைவில் கூடிச் செபித்தார்கள். இரண்டு தலைமுறைக்கும் மேல் மணியும் பீடமும் இன்றி நாட்களை நினைவில் வைத்திருந்தவர்கள் கையில்தான் பின்னர் அந்த மணி வந்து சேர்ந்தது.

பெரிய வெள்ளி வழிபாட்டின் அழகு முழுவதும் இல்லாமைகளில் இருக்கிறது. அன்று திருப்பலி கிடையாது. பீடத்தில் துணி இல்லை, மெழுகுத்திரி இல்லை. பெரிய வியாழன் மாலை வானவர் கீதத்தோடு அடித்த மணிகள், அதன்பின் சனி இரவு வரை நாவடக்கிக்கொள்ளும். மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டுவது பழைய வழக்கம். வறண்ட, தேனில்லாத ஒலி. குருவானவர் வருகைப் பாடல் இல்லாமல் உள்ளே வந்து, வெறுந்தரையில் குப்புற விழுந்து கிடப்பார். கூட்டம் முழந்தாளில். எவ்வளவு நேரம் என்று யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. மின்விசிறி சுழலும் சத்தம், எங்கோ ஒரு குழந்தையின் சிணுங்கல், வெளியே சாலையில் மோட்டார் சைக்கிள். வேலை நாளின் இரைச்சல் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருப்பதே உள்ளே இருக்கும் மௌனத்துக்கு எடை கூட்டுகிறது. விடுமுறை விட்டிருந்தால் இந்த முரண் கிடைத்திருக்காது என்றும் ஒரு நினைப்பு வரும். ஆனாலும் விடுப்புக் கிடைக்காமல் கோயிலுக்கு வர முடியாதவர்களை எண்ணினால், மலாக்காவுக்கும் அந்த விடுமுறை வேண்டும் என்றே சொல்வேன்.

இருட்டியதும் பவனி. சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட ஆண்டவரின் ஆளுயரச் சுரூபத்தை, போர்த்துகீசியர் வழிவந்த கிறிஸ்தாங் மக்களின் கோயில் சகோதரர் அமைப்பினர் தோளில் சுமந்து வருவார்கள். பின்னால் மெழுகுத்திரியோடு கூட்டம். கிறிஸ்தாங் பாட்டிமார் கறுப்பு உடையில், சீனக் குடும்பங்கள், சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள், நம் பக்கத்துத் தமிழர்கள். இந்த ஊர்வலத்தில் தமிழர்களைத் தனியே அடையாளம் காட்டுவது ஒரு சின்னப் பழக்கம்: சுரூபத்தைத் தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மற்றவர்கள் முத்தமிடுவார்கள், சிலுவை அடையாளம் போடுவார்கள். நம்மவர்கள் ஒற்றிக்கொள்வார்கள். யாரும் சொல்லித் தந்தது இல்லை, யாரும் தடுத்ததும் இல்லை.

மறுநாள் இரவு பாஸ்கா திருவிழிப்பு. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே ஒரே ஒரு பொருளைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கோயிலுக்கு வெளியே மூட்டிய புதுத் தீயில் ஏற்றப்படும் பாஸ்கா திரி. அதன் உடம்பில் குருவானவர் ஒரு சிலுவையைக் கீறி, அதன் நான்கு மூலைகளில் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களைக் கீறுவார். ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள் பதிப்பார். என்றைக்கும் உரியதாகச் சொல்லப்படும் ஒன்றின் மேல், இந்த வருடத்தின் எண். அந்தத் திரியை வாழ்த்திப் பாடும் பழம்பெரும் புகழுரையின் மூல வடிவில் மெழுகு தந்த தேனீக்களுக்கும் ஒரு இடம் உண்டு. சிறு உயிர்களின் வேலையைக்கூட மறக்காத அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்தது.

மீண்டும் டிசம்பருக்கு வருகிறேன், ஒரு கணக்கைச் சரிசெய்ய. 26-ஆம் தேதி காலையில் பேரங்காடி மரத்தைப் பிரித்து அட்டைப்பெட்டியில் அடைக்கத் தொடங்குவார்கள். கோயிலில் அன்றுதான் கிறிஸ்மஸின் இரண்டாம் நாள். எட்டு நாள் வரை பெருவிழா நீளும். 26-இல் முதல் மறைச்சாட்சி ஸ்தேவான், 27-இல் யோவான், 28-இல் ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகள். தொட்டில் பக்கத்திலேயே இரத்தமும் கண்ணீரும் வந்து நிற்கும் இந்த வரிசையில் பண்டிகைக்காலத்தின் நேர்மை இருக்கிறது. பிறகு மூவரசர் திருநாள். குடிலில் ஒட்டகங்கள் வந்து சேரும். அவை முதல் நாளே வந்துவிடக் கூடாது. தொலைவிலிருந்து வருபவர்கள் தாமதமாகத்தான் வர வேண்டும்.

குடில் கலைந்து சில நாட்களில் தை பிறந்துவிடும். மலேசியக் கத்தோலிக்கத் தமிழர்களுக்குப் பொங்கல் திருப்பலி இப்போது ஊன்றிப்போன வழக்கம். மலாக்காவில் பொங்கலுக்கு விடுமுறை கிடையாது. திருச்சபை நாட்காட்டியிலும் அதற்குத் தனிப் பெருவிழா இல்லை. இரண்டு நாட்காட்டிகளும் கொடுக்காத ஒரு நாளை மக்கள் வழிபாட்டைக்கொண்டு எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். கோயில் முற்றத்தில் கோலம், கரும்பு, பானை. பால் பொங்கியதும் குலவை. காணிக்கைப் பவனியில் அப்ப ரசத்தோடு பச்சரிசியும் வாழைத்தாரும் மஞ்சள் கொத்தும் பீடத்துக்குப் போகும். அந்தத் தட்டில் ஒரு திருத்தம் வேண்டும் என்பது என் விருப்பம். மெர்லிமாவ் பக்கத்துத் தமிழர்கள் இந்த மண்ணில் நெல் விளைத்தவர்கள் அல்லர். அவர்கள் மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள், செம்பனைக் குலை அறுத்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் அந்தக் காசில்தான். நன்றி சொல்லும் திருப்பலியில் அரிசிக்குப் பக்கத்தில் செக்கச் சிவந்த ஒரு செம்பனைக் குலையும், ஒரு பால் கோப்பையும், பழைய பால்வெட்டுக் கத்தி ஒன்றும் போக வேண்டும். ஓய்வு பெற்ற பால்வெட்டுக்காரர் யாராவது ஒருவர் அதை ஏந்திப் போகட்டும்; தூக்கிக் கொடுக்கப் பேரன் ஒருவன் கூட நடக்கட்டும்.